திருத்தம்

எங்கள் ஊர் மாதத்தாளில்,
நாற்பத்தேழாம் நம்பர் பஸ் நிற்கப்போகிற செய்திக்குக் கீழே,
ராண்டல் பட்னி காலமானார் என்று போட்டுவிட்டேன்.
செத்தது அவருடைய நாய்.
போனில் சொன்ன ஹில்டா வாயில் பல்செட் இல்லை,
என் காதில் மிஷின் இல்லை.

மறுநாள் மழையோடு
மூன்று ஆப்பிள் பை,
ஈரம் சொட்டும் லில்லிக் கொத்து,
வேலித் தகராறில்
எட்டு வருஷமாய் முகம் பாராத லெஸ்லி கிரப்,
எல்லாம் அவர் வாசலில்.
கதவைத் திறந்தது பட்னியேதான்.

மன்னிப்புக் கேட்கப் போனேன்.
பையில் பாதியை வெட்டித் தந்தார்.
அடுப்போரம் தண்ணீர்க் கிண்ணம்,
நிரப்பியே இருந்தது.

"திருத்தம் இந்த மாதமே போடணுமா?" என்றார்.
"சர்ச்சில் மணியடிக்கிறவர்கள்
இன்னும் வரவில்லை."