தலைதட்டிய கோப்பை

சாட்ஸ்வொர்த், ஐந்தாம் யூனிட்.
எங்கள் வீட்டுக்கும் மோகாம்பரி வீட்டுக்கும்
நடுவில் ஒரே சுவர்.
அவள் மிளகாய் தாளித்தால்
எனக்குத் தும்மல் வரும்.
என் நெஞ்சுக்குள் வைத்த வால்வு
ராத்திரியில் டிக் டிக் என்பது
அவளுக்கும் கேட்கிறதாம்.
பொய்தான். ஆனாலும் சொல்லுவாள்.

புரட்டாசி பிறந்தது.
தெரு முழுக்க மீன்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தோம்.
குளிரெல்லாம் மொட்டையாய் நின்ற அவள் முருங்கை
சுவருக்கு மேலே திடீரென்று பச்சை.
கிளையோடு ஒடித்து எறிந்தாள் இந்தப் பக்கம்.
சனிக்கிழமை துவட்டல்,
திங்கள் பருப்போடு,
புதன் அடையில்,
வெள்ளி வெறும் சாறு.
வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.
சொல்ல வேண்டும் என்றே தெரியவில்லை.
கீரை யாரைக் கொன்றிருக்கிறது?

கிளினிக்கில் விரலைக் குத்தினார்கள்.
மூன்றை ஒட்டி நிற்கவேண்டிய எண்
ஒன்று புள்ளி நான்கு.
சிஸ்டர் நொம்வூலா கண்ணாடியைக் கழற்றினாள்.
மாத்திரை விட்டாயா?
இல்லை. இளஞ்சிவப்பு, தினமும் ஆறு மணி,
செய்தி தொடங்குமுன்.
பிறகு என்ன தின்றாய்?
விரதம் என்றேன்.
விரதத்தில் என்ன தின்றாய் என்றாள்.

இலையை மேசைமேல் விரலால் வரைந்து காட்டினேன்.
சிரித்துவிட்டாள்.
எங்கள் ஊரில் இமிஃபீனோ.
மழை பெய்த மறுநாள் அம்மா
பாவாடை மடியில் பறித்து வருவாள்,
அவளுக்கும் இதே மாத்திரை,
அவளிடமும் இதே சண்டை.

மாத்திரை ரத்தத்தை இளக்கப் பார்க்கிறது,
இலை இறுக்கப் பார்க்கிறது.
இரண்டும் நல்லதுகள்தான்,
ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவே.
கீரையை நிறுத்தாதே என்றாள்.
ஒரு மாதம் மலை, மறுமாதம் வெறுந்தட்டு,
அதுதான் ஆகாது.
டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கூட்டி எழுதினார்.
பத்து நாளில் வா.

இதை மோகாம்பரியிடம் எப்படிச் சொல்ல?
சொன்னேன்.
முகம் கறுத்தது.
என் மரம் விஷமா என்றாள்.
நான்கு நாள் எனக்குத் தும்மல் இல்லை.

ஐந்தாம் நாள் காலை
சுவர்மேல் ஒரு கோப்பை.
கைப்பிடி போன தேநீர்க் கோப்பை,
அதில் உருவிய இலை,
கத்தி முதுகால் தலைதட்டி.

கல்யாணத்துக்குக் கண்ணால் அரிசி பார்ப்பவள்.
உப்பைக்கூட அளந்தறியாதவள்.

வெள்ளிக்கு ஒன்று. செவ்வாய்க்கு ஒன்று.
புரட்டாசி போய்
தெருவெங்கும் மீன் மணத்தபோதும் வந்தது.
தீபாவளித் தட்டில்
லட்டுக்குப் பக்கத்திலும் வந்தது, அதே கோப்பை.

நேற்று இரண்டு புள்ளி எட்டு.
சுவரோரம் நின்று சீட்டை நீட்டினேன்.
கண்ணுக்கு எட்டப் பிடித்து, பிறகு கிட்டப் பிடித்து,
பாஸா என்றாள்.
பாஸ்தான்.
அப்படியென்றால் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கும்போதே
கிளையை வளைத்துவிட்டாள்.