பதினேழு

சனிக்கிழமை ஒன்பதரைக்கு வருவார்கள்.
பொரளையில் மலர்வளையக் கடைகள் முடிகிற இடத்தில்
நூற்றி மூன்றில் இறங்கி
ஆறு பேர், சிலவேளை ஒன்பது.
எங்கள் கேற்றுக்கு எதிரே, கானுக்கு அந்தப் பக்கம்.

செபமாலையைத் தொடங்குவது எமரன்சியா அக்கா.
வங்கியில் வேலை. ஞாயிறுகளில்
பாடகர் குழுவில் என் இடதுபக்கம் நிற்பவர்.
என்னை இங்கே அவர் கண்டதில்லை.
எங்கள் கண்ணாடி உள்ளிருந்து மட்டும்தான் தெரியும்.

பெயர்ப்பலகையில் ஊசி, ஸ்கேன், குடும்பத் திட்டம்
மூன்று மொழியிலும்.
எழுதாததற்காக அவர்கள் நிற்கிறார்கள்.
எழுதாததைக் கேட்டுச் சிலர் உள்ளே வருகிறார்கள்.
இங்கே இல்லை என்று சொல்வது என் வேலை.
வேறெங்கோ செய்துகொண்டு
காய்ச்சலோடு, துணி நனைந்து வருபவளுக்கு
சிறியாணி மிஸி பின்கதவைத் திறப்பாள்.
அதைப் பற்றி நாங்கள் கதைப்பதில்லை.

சட்டம் நூற்றாண்டுக்கு மேலாய்
அவர்களுடைய பக்கம்தான் நிற்கிறது.
ஆனாலும் வெயிலில் நிற்கிறார்கள்.

போன மாதம் ஒருத்தி
கட்டுநாயக்கா கார்மென்ட் அட்டை கழுத்தில் தொங்க
பெரிய படத்தைக் கண்டு கேற்றடியிலேயே திரும்பினாள்.
முதல்நாள் போனில் என்னோடுதான் கதைத்தவள்:
மிஸ், நாலு வருசமாச்சு, ஏன் தங்குதில்லை?

வெளியே 'அருள் நிறைந்த' என்று எழும்பும்.
உள்ளே என் வாய் தன்பாட்டில்
'மரண வேளையிலும்' என்று முடிக்கும்.
ரசீதில் திகதி பிழைத்துப்போகும்.
வந்தவளிடம் பெயர் கேட்பேன். ஒரு கணம் யோசிப்பாள்.
யோசித்துச் சொன்ன பெயரை
எழுத்துப் பிழையில்லாமல் எழுதுவேன்.

இன்று பதினொன்றுக்கு மழை, கான் நிரம்ப.
பிரதர் றொட்னி படத்தைப் பொலித்தீனில் சுற்றி
வானுக்குள் ஏறினார்.
மற்றவர்கள் மலர்க்கடைத் தாழ்வாரத்துக்கு ஓட
எமரன்சியா அக்கா மட்டும் இந்தப் பக்கம்,
டொய்லட், என்று ஜினதாசவிடம் சிங்களத்தில் கெஞ்சி.

கண்ணாடிக்கு இப்பால் வந்து
என்னைக் கண்டார்.
நான் சாவியை நீட்டினேன்.

திரும்பியபோதும் மழை விடவில்லை.
காலியாய் இருந்தது ஒரே கதிரை.
பக்கத்தில் ஒரு தாய், மடியில் பிள்ளையின் ஸ்கூல் பேக்,
அக்கா, உங்கட நம்பர் என்ன, என்று கேட்டாள்.

அவர் தன் கையைப் பார்த்தார்.
ஆறாவது மணியில் பெருவிரல் நின்றிருந்தது.

நம்பர் இல்லை.

ஐயோ, எடுக்காட்டிக் கூப்பிட மாட்டினம்.
அவளே எழும்பி வந்தாள், என்னிடம் துண்டு கேட்டாள்,
கொண்டுபோய் அவர் உள்ளங்கையில் வைத்தாள்.
நான் ஏன் கொடுத்தேன், தெரியாது.

பதினொன்று போனது. பன்னிரண்டு அழுதுகொண்டே போனது.
பதின்மூன்று வரவில்லை.
தலைக்குமேல் மின்விசிறி ஒருபக்கம் இழுத்துச் சுற்ற,
மாலையும் துண்டும் ஒரே கைக்குள்,
எமரன்சியா அக்கா
எல்லாருடைய கால்களையும் பார்த்துக்கொண்டிருந்தார்.
வாய் அசைந்ததா என்று என்னால் சொல்ல முடியாது.

பதினாறைக் கூப்பிடுகையில் மழை விட்டது.
எழுந்தார். வானின் ஹோர்ன் இரண்டு தரம்.

குடை மூலையில் நின்றது, கீழே குட்டிக் குளம்.

விட்டுப்போன பொருட்களுக்கு ஒரு கொப்பி உண்டு:
பொருள், நேரம், உரியவர் பெயர்.
நாளைக் காலை இரண்டாம் பூசை.
அவர் பக்கத்தில் நின்று மூச்செடுக்க வேண்டும்.

நீலக் குடை. பதினொன்றே முக்கால்.
ஒரு கணம் யோசித்தேன்.
பிறகு
வேறொரு பெயரை எழுதினேன்.