சொட்டுக்கோடு

மைக்கொம்பில் பாதி மழைத்தண்ணீர்.
வெதர்கோட் பண்ணையில் வழக்குமன்றம் கூடியபோது
மூன்றாவது வாரமாக மழை.
நான் எழுத்தன். பெயர் வேண்டாம்,
தோல்சுருளில் எழுத்தன் பெயர் வருவதில்லை.

முதல் வழக்கு ஒரு பன்றி.
இரண்டாவது, பார்லி மதுவில் தண்ணீர் கலந்தவள்.
மூன்றாவதாக எம்மட் வந்து நின்றாள்,
விதவை, கம்பளிக்குச் சிக்கெடுப்பவள்,
பாவாடை விளிம்பில் காயாத சேறு.
பன்னிரண்டு பேர் சத்தியம் செய்து சொன்னார்கள்:
ஹாமோ வீட்டுக் கூரைநீர் விழும் இடத்தில்
மூன்று இரவு நின்றாள்.

அந்த இடம் இங்கே குழந்தைக்கும் தெரியும்.
எல்லைக்கல் வரை யாரும் சுவர் எழுப்பக்கூடாது.
இரண்டடி விடவேண்டும்,
உன் கூரையின் மழை உன் மண்ணிலேயே விழ.
வைக்கோல் நுனியிலிருந்து சொட்டிச் சொட்டி
மண்ணில் ஒரு வரிசைக் குழி,
குழிக்குள் கழுவிவிட்ட கூழாங்கல், ஒரு கோழி இறகு.
அதற்குப் பெயர் ஈவ்ஸ்ட்ராப்.
உழவும் ஆகாது, படுக்கவும் ஆகாது.
பழைய பத்திரங்களில்
வேலிக்கும் ஓடைக்கும் நடுவே
அப்பாவியாய்க் கிடக்கிறது அந்தச் சொல்.

பிறகு எவனோ ஒருவன் அங்கே போய் நின்றான்.
இறவாரத்துக்கு உள்ளே, சுவருக்கு வெளியே,
முதுகில் சொட்டு, காதில் பேச்சு.
நிலத்தின் பெயர் ஆளின்மேல் ஒட்டிக்கொண்டது:
ஈவ்ஸ்ட்ராப்பர்.
உரித்துப் பாருங்கள்,
காது என்று அதில் ஓர் எழுத்தும் கிடையாது.
ரகசியம் கிடையாது.
கூரையும் சொட்டும்
நனைந்த ஓர் ஆளும், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த லத்தீனில் அதற்குச் சொல் இல்லை.
மடத்துத் துறவிகள் கற்பித்த லத்தீன்.
பாவத்துக்கு நாற்பது சொல் இருக்கிறது,
ஒழுகுவதற்கு ஒன்றிரண்டு,
இரண்டையும் ஒன்றாய்ச் செய்கிறவளுக்கு எதுவும் இல்லை.
ஆகவே வரியின் நடுவே
ஊர்ச்சொல்லை அப்படியே இறக்கினேன்.
பூசை நேரத்தில் சேற்றுக் காலோடு நுழைந்த ஆள்போல
அது அங்கேயே நின்றது.

மூன்று பென்னி, என்றார் காரியஸ்தர்.
கூரை இறைக்கும் இறை கட்டும் ஊர் இது.
என்ன கேட்டாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.
அது வழக்கில் இல்லை.

காசு எண்ண அவள் குனிந்தபோது
நான்தான் மெல்லக் கேட்டேன்.
உப்பு, என்றாள்.
உப்பா?
கஞ்சியில் கூட என்கிறான் அவன்.
நாக்கு செத்துவிட்டது உனக்கு என்கிறாள் அவள்.
நாலு வருஷமாய் என் வீட்டில்
கஞ்சியைக் குறை சொல்ல ஆளில்லை, எழுத்தரே.
இதைச் சுருளில் எழுதுவீரா?

எழுதவில்லை.
ஓரத்தில் இடம் இருந்தது, கை வரவில்லை.

அவளிடம் இரண்டு பென்னிதான் இருந்தது.
ஹாமோவின் மனைவி அவிஸ் கூட்டத்தை விலக்கி வந்து
மூன்றாவதை மேசையில் வைத்தாள்.
ஹாமோ வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான்.
மிச்சத்தை வீட்டில் போய்ச் சொல்வான் என்று
காரியஸ்தரின் நாய்க்குக்கூடத் தெரிந்தது.

சொன்னான்.
அடுப்பு மூடும் மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.
அவிஸ் ஜன்னல் பலகையை
இரண்டு விரல் அகலம் திறந்துவைத்தாள், அந்தக் குளிரில்.
காசில் தொடங்கி, உப்புக்கு வந்து,
மாமியாரின் செத்துப்போன வாத்துவரை போனாள்,
தெருக்கோடிக்குக் கேட்கும் குரலில்.
சொட்டுக்கோட்டின் மேல் எம்மட்,
முக்காட்டு நுனியை வாயில் அடைத்துக்கொண்டு
தோள் குலுங்க.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று
தயவுசெய்து கேட்காதீர்கள்.
ஹாமோ வீட்டுச் சுவர் நீளமானது.
என் காலணி இன்னும் காயவில்லை.