திரும்பலாம் என்று சொன்ன நாள்

சின்னப்பாலத்தில் கல்லெறிந்தால்
ஒரு நம்புவின் மேல்தான் விழும்.
நம்புராசன், நம்புரதி, நம்புதாய்.
நான் நம்புசெல்வி.
பாம்பன் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார்
"இது பெயரா, கட்டளையா?" என்றார்.
வகுப்பு சிரித்தது.
நானும் சிரித்து வைத்தேன்.

வல்லத்தில் பதினோரு பேர்,
பாசிக்குப் போகிற பொம்பளைகள்.
விரலில் துணி சுற்றி, காலில் தட்டுக் கட்டி
கடலுக்குள் தலைகீழாய் நிற்கிறவர்கள்.
எப்போது கிளம்ப, எப்போது திரும்ப
என்பதெல்லாம் சேசுமரியின் வாய்.
அவளுக்கு முட்டி போயிற்று.
கரையில் உட்கார்ந்து மணலைத் தட்டியபடி
"இனிமே இவ சொல்லுவா" என்றாள்.
ஏன் நான் என்று கேட்கவில்லை.
கேட்டால், காரணம் ஒன்றும் இல்லை
என்று தெரிந்துவிடுமே.

தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துப் பழகியவள்.
வெளியிலும் எனக்கு அதே பழக்கம்.
சொல்ல வந்ததைப் பிடித்து வைத்திருப்பேன்,
மேலே வருவதற்குள்
அடுத்தவள் சொல்லி முடித்திருப்பாள்.

மூன்றாம் நாள்.
குருசடைக்கு மேற்கே, பத்து மணி.
வானத்தின் ஓரத்தில் ஒரு கறுப்பு,
கட்டைவிரல் அகலம்.
யாருக்கும் பாதிச் சாக்கு நிறையவில்லை.
எனக்கு வாய் வறண்டது.
கடலுக்கு நடுவில் வாய் வறள்வதைப் போல்
கேவலம் வேறில்லை.
"திரும்பலாம்" என்றேன்.
யாருக்கும் கேட்கவில்லை.
மறுபடி சொன்னேன், ரொம்பச் சத்தமாய்ப் போய்விட்டது,
அணியத்தில் உட்கார்ந்திருந்த கடற்காக்கை
எழுந்து பறந்தது.

கச்சான் வரவில்லை.
கறுப்பு கரைந்து வெயில் பல்லைக் காட்டிற்று.
கடல் அன்று சாயங்காலம் வரை
தாம்பாளத்துத் தண்ணீராய்க் கிடந்தது.
முத்துராக்குவுக்குக் குழுக்கடன் தவணை நாள்.
அவள் சாக்கைத் தராசில் வைத்தவன்
"என்ன இது, குழம்புக்கா?" என்றான்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்திருக்கலாம்.

ராத்திரி சோறு இறங்கவில்லை.
எனக்கும் முட்டி வலி என்று சொல்லிவிடலாம்.
முட்டி எல்லோருக்கும்தான் இருக்கிறது.

என்னிடம் ஒரு பார் இருந்தது.
மாதா கோயில் சிலுவை
செல்போன் டவருக்குப் பின்னால் ஒளிகிற இடம்,
அங்கிருந்து தெற்கே எட்டுத் துடுப்பு.
அடியில் மரிக்கொழுந்துப் பாசி
எண்ணெய் வைக்காத தலைமுடி மாதிரி கிடக்கும்.
ஏழு வருடமாய் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.
மகளுக்குக் காது குத்தியது அதில்.
அவர் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாளும்
அதில்தான்.

காலையில் பத்துப் பேரும் கரைக்கு வந்திருந்தார்கள்.
கோபம் தீர்ந்து வந்த முகமாய் இல்லை.
"போகணுமா வேணாமா? வாயத் தெற"
என்றாள் முத்துராக்கு.
வானத்தைப் பார்த்தேன். "போகலாம்" என்றேன்.
பிறகு
சிலுவையையும் டவரையும் எட்டுத் துடுப்பையும்
சொல்லிவிட்டேன்.

சந்தோஷமாய் இருந்தது என்று சொன்னால் பொய்.
என் பாரில் பத்துப் பேர் கை வைத்தபோது
அஞ்சறைப்பெட்டிக்குள் ஊரே கை விட்ட மாதிரி இருந்தது.
முத்துராக்கு இரண்டு கையும் நிறைய மேலே வந்தாள்.
"அடிப்பாவி! இத்தன வருசமா?"
என்றாள். இருமினாள். சிரித்தாள்.
மறுபடி முங்கினாள்.

"அடியோட புடுங்காதீங்க, நுனியக் கிள்ளுங்க."
சத்தம் கொஞ்சமாகத்தான் வந்தது.
கேட்டது.
வாத்தியாரே,
பெயர்தான் அது, ஆனாலும்
இன்றைக்குக் கொஞ்சம் கட்டளை.

பதினொன்றரை இருக்கும்.
மேற்கே திரும்பவும் ஒரு கறுப்பு,
இந்த முறை இரண்டு விரல்.
தண்ணீருக்கு மேலே பத்துத் தலைகள்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
என் பக்கம் திரும்பின.
நேற்றைப் போலவே இன்றும்
எனக்குத் தெரியாது.

பிடித்திருந்த மூச்சை விட்டேன்.
சொன்னேன்.