புள்ளிக்குப் பின்னால்

பெட்டிகளுக்கு ஒட்டுத்தாள் அச்சடிப்பவள் நான்.
வயோமிங்கில், ஷெரிடனுக்கு வடக்கே,
காற்று விடுப்பு எடுக்காத ஒரு மேட்டில்
தகரக் கூரை போட்ட தொழிற்சாலை.
செம்பு உறைக்குள் ஈயம் இறங்கும் ஓசை
சுவருக்கு அந்தப் பக்கம்.
இந்தப் பக்கம் நானும் மையும்.

எங்கள் குண்டின் எண்
பூஜ்யம் புள்ளி ஆறு நான்கு ஒன்று.
காற்றைக் கிழித்துப் போகையில்
தன் வேகத்தை எவ்வளவு காப்பாற்றிக்கொள்ளும்
என்பதன் கணக்கு அது.
எண் பெரிதானால் குண்டு நல்லது.
வாங்குகிறவனுக்கு இது தெரியும்.
விற்கிறவனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

யாரும் சுட்டுப் பார்த்து எழுதியதில்லை.
வரைபடத்தைக் கணினிக்குக் கொடுத்தார்கள்.
கணினிக்குள் காற்றடிப்பதில்லை.
கடைசியில் நிற்கும் அந்த ஒன்று மட்டும்
விற்பனைப் பிரிவு ப்ரெண்ட்டின் நன்கொடை:
"பூஜ்யத்தில் முடிந்தால் உருட்டியது போலிருக்கும்,
ஒன்று போடு, அளந்தது போலிருக்கும்."
போட்டேன்.
என் கையெழுத்து எங்கும் இல்லை,
ஆனால் போட்டது நான்.

நவம்பரில் ஒரு கடிதம் வந்தது.
ஐடஹோவின் சாலிஸிலிருந்து, வெண்டல் ஓக்ஸ்ஹைம்.
அதில் கோபம் இல்லை.
இருந்திருந்தால்
குப்பைக்கூடைக்குப் போகும் வழி அதற்குத் தெரிந்திருக்கும்.

எண்ணூறு கஜம். எல்க் மான். இலை அசையாத காலை.
உங்கள் எண்ணை வைத்துத்தான் கணக்குப் போட்டேன்.
ஏழு அங்குலம் தாழ்ந்து பட்டது.
இரண்டு நாள் ரத்தத்தின் பின்னால் நடந்தேன்,
மூன்றாம் நாள் பனி விழுந்து தடம் மூடிவிட்டது.
என் கை நடுங்கியிருக்கும் என்று நினைத்தேன்.
பிறகு, தொலைநோக்கி கெட்டிருக்கும் என்று அதை விற்றேன்.
புதியதைப் பூட்டிக் காகிதத்தில் சுட்டாலும்
அதே ஏழு அங்குலம்.
கடைசியாகத்தான் உங்களைக் கேட்கிறேன், மன்னிக்கவும்.

நம்புகிறவன் இப்படித்தான் போலிருக்கிறது.
சந்தேகத்தைத் தன் வீட்டிலிருந்தே தொடங்குகிறான்.
எங்கள் வாசலுக்கு வந்து சேரும்போது
விற்க அவனிடம் வேறு ஒன்றும் மிச்சமில்லை.

முதலாளி லோர்னா அதைச் சாப்பாட்டு அறையில்
நின்றபடியே படித்தாள்.
சூப் ஆறிப் பாடை கட்டியது.

பிப்ரவரியில் ரேடார் வாடகைக்கு வந்தது,
கூடவே ஏமோஸ் கிர்க்பி என்ற, பேச்சே இல்லாத மனிதர்.
அறுபது முறை சுட்டார்கள்.
ஒவ்வொரு குண்டும் அடிக்கு அடி
எங்கே எவ்வளவு களைத்தது என்று
திரையில் கோடாக வந்தது.
ஐந்து ஒன்பது ஆறு, என்றார் ஏமோஸ்.
அன்று முழுக்க அவர் சொன்னது அவ்வளவுதான்.

"எல்லோரும் ஏற்றித்தானே போடுகிறார்கள்," என்றான் ப்ரெண்ட்.
லோர்னா என் பக்கம் திரும்பினாள்:
"பழைய ஒட்டுத்தாள் எத்தனை இருக்கிறது?"
"இருபத்திரண்டாயிரம்."
"எரித்துவிடு."
சிறிய எழுத்தில் போடலாமே என்று அவன் கெஞ்சிப் பார்த்தான்.
அதே அளவில், அதே கறுப்பில் அடித்தேன்.

கடைகளில் இருந்த பெட்டிகளின் மேல்
புதியதை ஒட்டிக்கொண்டு வந்தோம்.
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்
அடியில் ஆறு நான்கு ஒன்று இன்னும் தெரியும்.

பஃபலோ ஊர்க் கடையில் ஒரு பையனைப் பார்த்தேன்.
எங்கள் பெட்டியையும் வேறொருவர் பெட்டியையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்தான்.
அதில் ஆறு ஐந்து ஐந்து.
விலை ஒன்றுதான்.
வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.
அவன் பணத்தை எண்ணி முடித்திருந்தான்.

அந்த வருடம் இரண்டாவது ஷிஃப்ட் கிடையாது.
ப்ரெண்ட் வேறு வேலைக்குப் போய்விட்டான்.
எத்தனை நிமிடத்தில் சாப்பாடு என்று வீட்டில் கேட்டால்
பதினேழு என்கிறேன். சிரிக்கிறார்கள்.

வெண்டலுக்குப் பதில் எழுதியது நான்தான்.
தப்பு உங்கள் கையில் இல்லை,
எங்கள் எண்ணில்.
கீழே லோர்னாவின் கையெழுத்து,
உள்ளே தொலைநோக்கியின் விலைக்கு ஒரு காசோலை.

அது இன்னும் வங்கிக்கு வரவில்லை.
ஒவ்வொரு மாதக் கடைசியிலும்
கணக்கெழுதும் டெல்ஃபின் கேட்கிறாள்,
இந்தத் தொகையை என்ன செய்ய?
"விட்டுவை," என்கிறாள் லோர்னா,
"இருக்கட்டும்."