முப்பத்தெட்டு தசம் ஆறு

வவுனியாவில் இருந்து டினோஜன் அனுப்பிய படம்
மாங்குளம் சந்தியில் சிக்னல் பிடித்த பிறகுதான் திறந்தது.
சீஏ பதினைந்து-மூன்று: முப்பத்தெட்டு தசம் ஆறு.
முப்பதுக்குக் கீழே நிற்கவேண்டும்.
போன தவணை இருபத்திரண்டு.

தெல்லிப்பழையில் டொக்டர் முன்பொருநாள்
மருந்துத் துண்டின் பின்பக்கம் கீறிக் காட்டினார்.
ஒரு வட்டம், அதைச் சுற்றி மயிர் மயிராய்.
"இதுதான் கலம். இந்த மேற்பூச்சு கழன்று ரத்தத்தில விழும்.
எல்லாருக்கும் கொஞ்சம் விழும்.
கெட்டது பெருகினால் கூட விழும்.
நாங்கள் எண்ணுறது கலத்தை இல்லை, விழுந்ததை."
மகனின் விஞ்ஞானப் புத்தகத்திலும் அதே வட்டம்,
மயிர் மட்டும் இல்லை.

எனக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை.
அம்பகாமம் காட்டில் பதினொரு வருசமாய்
நான் தேடுவதும் விழுந்ததைத்தான்.
ஒரு மீற்றர் அகலப் பாதை, சிவப்புக் கட்டை, முழங்கால்.
எவ்வளவு இறுக்கி அடைத்தாலும்
மிதிவெடி மூச்சு விடும்.
புதைத்தவன் செத்திருப்பான், வரைபடம் எரிந்திருக்கும்,
மருந்து மட்டும் பிளாஸ்ரிக்கைத் தாண்டி
மாரி மாரியாய் மண்ணுக்குள் கசிந்துகொண்டிருக்கும்.
அதற்குத்தான் நாய்.

பெக்கி ஒருநாள் பகல் சாப்பாட்டு நேரம்
என் முன்னால் வந்து ஆடாமல் குந்தியது.
வெடி மணத்தால் குந்தப் பழக்கின நாய்.
விமலறூபி சோற்றுப் பார்சலை எறிந்துவிட்டுப் பின்னால் பாய்ந்தாள்.
நான் பெட்டியைத் திறந்து காட்டினேன்,
சூடைக் கருவாடு.
வயிறு நோகச் சிரித்தோம்.
அது கருவாட்டுக்குத்தான் குந்தியது.
அப்படித்தான் நம்புகிறேன்.

இடது மார்பில் அப்போது இரும்பு இருந்தது.
மாத்தளனில் ஏறியது, ஒரு நெல்லளவு.
கருவியைக் கிட்டக் கொண்டுவந்தால் கீச்சிடும்.
"பற்றரி சரியோ எண்டு பார்க்க நீ ஒருத்தி காணும்" என்பாள் விமலறூபி.
ஆகவே, குளிக்கும்போது விரலில் ஒரு கட்டி தட்டுப்பட
சன்னம் நடக்குது என்றேன்.
சன்னம் நடக்கும். தோளில் ஏறியது
முழங்கையால் வெளியில் வந்த ஆட்கள் ஒலுமடுவில் இருக்கிறார்கள்.
நடக்கட்டும் என்று இரண்டு வருசம் விட்டேன்.

காட்டில் இதைச் செய்திருந்தால்
அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.
சத்தம் கேட்டால் ஆணி என்று சொல்லாதே, கிண்டு.
மீன் ரின் மூடி, வெற்றுக் கோது, சைக்கிள் கம்பி,
எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை.
ஒரு துருப்பிடித்த ஆணிக்குக் கொடுத்ததை
நான் எனக்குக் கொடுக்கவில்லை.

இப்போது அந்தப் பக்கம் சமதரை.
மார்போடு இரும்பும் போயிற்று.
வேலைக்குத் திரும்பிய முதல்நாள்
ஒருவரும் பார்க்காத நேரம் கருவியை வைத்துப் பார்த்தேன்.
சத்தமில்லை.
சத்தமில்லை என்பதற்காக மட்டும்
துப்புரவான காணி என்று கையெழுத்து வைக்க
எங்களுக்கு அனுமதியில்லை.

"ஒரு இலக்கம் தீர்ப்பில்லை" என்கிறார் டொக்டர் போனில்.
"ஈரலில ஏதும் எண்டாலும் ஏறும்.
ஒரு மாதத்தால திரும்ப ரத்தம் எடுப்பம்.
இடது கையை அலட்ட வேண்டாம், வீங்கும்."
பஸ்ஸில் ஆட்டுக்குட்டியோடு ஒருவர் ஏறினார்.
அது ஒலுமடு வரைக்கும் என் பையைச் சப்பியது.

மறுநாள் ஏழேகால். பாதை பதினாலு.
போன் கூடாரத்தில், இலக்கம் என்னோடு.
கருவி கேட்டது. குனிந்தேன்.
நேரே மேலிருந்து குத்தக்கூடாது.
பக்கத்தால், சரிவாய், ஒரு விரல், பிறகு இன்னொரு விரல்.
ஒரு பாலை வேர்.
வேருக்குக் கீழே பச்சையாய் ஒரு விளிம்பு.

கையை உயர்த்தினேன். விசில் ஊதியது.
ஏழு பெண்கள் முழங்காலைத் தட்டிக்கொண்டு
வந்த வழியாலேயே பின்னுக்கு நடந்தார்கள்.
அப்போதுதான் பார்த்தேன்,
தூரிகை இடது கையில் இருந்தது.
நடுக்கம் இல்லை.
அது பிறகுதான் வரும்.