கெண்டைக்கால் வலிக்கிறதா

தக்குவாரி ஆறு
எங்கள் சமையலறையை விட்டுப் போய்
பதினெட்டு நாள்.
சுவரில் அது கிழித்த கோடு
என் தலைக்கு மேலே, அடெமாரின் மூக்குக்கு நேரே.
கோட்டுக்குக் கீழே பழுப்பு.
மேலே, ஈஸ்டருக்கு அடித்த மஞ்சள்.

ஃபிரிட்ஜைத் திறக்கவில்லை.
கயிறு போட்டுக் கட்டித் தெருமுனைக்கு உருட்டினோம்.
உள்ளே மூன்று கிலோ மாட்டிறைச்சி,
மாமியார் பிறந்தநாள் கேக்கில் பாதி.
அழுவதற்கு அது சரியான பொருளே இல்லை.
அங்கேதான் அழுதேன்.

மெயின் சுவிட்சில்
டேப் ஒட்டிவிட்டுப் போனாள் ஜுரேமா:
எலக்ட்ரீஷியன் வரும்வரை ஒரு கையும் படக்கூடாது.
சுகாதார நிலையத்து ஊழியர்.
அவளுக்கு இப்போது வீடே கிடையாது,
பள்ளிக்கூட ஜிம்மில் ஒரு மெத்தை.
ஆனாலும் தினமும் நாலு மணிக்கு வந்துவிடுவாள்.
வணக்கத்துக்குப் பதில் ஒரே கேள்வி:
"கெண்டைக்கால் வலிக்கிறதா?"

முதல் நாள் சிரித்தோம்.
அதிகம் சிரித்தது பக்கத்து வீட்டு க்ளோவிஸ்,
அறுபது வருஷம் இந்த ஆற்றில் நீந்தியவனாம்.
ரப்பர் செருப்போடு சேற்றில் இறங்கிக்
கோழிக்கூட்டைத் தேடினான்.
ஒன்பதாம் நாள் காய்ச்சல்.
யாரோ ஈரத்துணி பிழிகிற மாதிரி இருக்கிறது
கெண்டைக்காலில், என்றான்.
எலி தண்ணீரில் விட்டுப்போனது
கணுக்கால் கீறல் வழியே ஏறியிருக்கிறது.
லாஜாடோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.
கண் மஞ்சளாகிவிட்டதாம்.
என் சுவரின் மேல்பாதி.

இப்போது யாரும் சிரிப்பதில்லை.
அடெமாரின் பூட்ஸ் ஓட்டையை
சைக்கிள் ட்யூப் வெட்டி அடைத்திருக்கிறேன்.
எனக்கு வந்த கையுறை இரண்டும் இடது கைக்கு.
முதலில் சேறு, பிறகு சோப்பு, கடைசியில் ப்ளீச்.
ப்ளீச்சோடு வேறெதையும் கலக்காதே என்று
ஜுரேமா விரல் ஆட்டுவதை
மகன் ஒட்டாவியோ நடித்துக் காட்டுகிறான்.
அவனைச் சேற்றில் விடுவதில்லை.
மாடிப்படியில், பந்தை மடியில் வைத்துக்கொண்டு
எங்களுக்கு மேஸ்திரி.

குடிக்கும் தண்ணீருக்கு
அவள் தந்த சின்ன பாட்டிலிலிருந்து
லிட்டருக்கு இரண்டு சொட்டு.
பிறகு அரை மணி நேரம் தொடக்கூடாது.
நாள் முழுக்க வாரிக் கொட்டியபின்
அந்த அரை மணி மட்டும் எங்களுடையது.
ஜாடியைச் சுற்றி உட்கார்ந்திருப்போம்,
பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி.

மாத்தேதான் கஷ்டம்.
ஒரே சுரைக்குடுவை, ஒரே உலோகக்குழல்,
வாயிலிருந்து வாய்க்குப் போகும் ஊர் இது.
மறுத்தால் பகை.
"ஆளுக்கொரு கோப்பை, கொஞ்ச நாளைக்கு" என்றாள் ஜுரேமா.
அடெமார் பேசாமல் எழுந்து வெளியே போனான்.

நேற்று நடுத்தெருவில்
கவிழ்ந்த கட்டில்களுக்கிடையே
எட்டுப் பேர் வட்டமாக நின்றோம்.
ஜாம் பாட்டில், சவரக் கிண்ணம்,
யாருடைய திருமுழுக்குக்கோ வந்த வெள்ளிக் கோப்பை.
வெந்நீர் பிளாஸ்க் மட்டும் கைமாறியது.

நாலு மணி. ஜுரேமா வந்தாள்.
கேள்வியைத் தொடங்குமுன்
ஒட்டாவியோ படியிலிருந்து கேட்டான்:
"உங்களுக்கு வலிக்கிறதா?"
இத்தனை நாளில் யாருக்கும் தோன்றவில்லை.
நின்றாள். எடையைக் கால் மாற்றிப் பார்த்தாள்.
"வலது கால். வெறும் நடையாக இருக்கலாம்."
"இருக்கலாம் என்பதெல்லாம் செல்லாது" என்றான்.
அது அவள் வசனம்.

அடெமார் பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு
வேன் யாரிடம் இருக்கிறது என்று
கேட்கப் போனான்.